வசந்தாமணி கேட்கக்கூடாத கேள்வி

அமெரிக்காவில் ஓர் ஆட்டுக்குட்டி தன் சொந்த ஊர் எது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டுமானாலும், நியூஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருக்கும் வசந்தாமணியிடம் முதலில் உத்தரவு வாங்க வேண்டும். அவள் போன் அடித்தால் ஐம்பது மாநிலத்திலும் அடுப்பில் கொதிக்கிற குழம்பு கொதிப்பதை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லும். கறி பாக்கெட்டில் நாட்டின் பெயரை அச்சடிப்பதா வேண்டாமா என்று வெள்ளை மாளிகையில் சண்டை வந்தால், "எதுக்கும் அந்த அம்மிணியை ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்று சொல்லித்தான் கூட்டத்தை முடிப்பார்கள்.

இதில் உண்மை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம்தான் இனிச் சொல்லப்போவது.

வசந்தாமணி கோபிச்செட்டிபாளையத்துப் பெண். விலங்கியலில் பட்டம் வாங்கியவள். கணவன் சுப்பையன் பின்னால் அமெரிக்கா வந்து ஆறு வருஷம் ஆகியும், அவள் படித்த விலங்கியலுக்குக் கிடைத்த ஒரே வேலை, டவுன்ஹவுஸின் பின்பக்கம் தக்காளிச் செடியை மேய வரும் மானை விரட்டுவது. அதற்குப் பட்டம் தேவையில்லை, துடைப்பம் போதும்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் கிரீன் கார்டு வந்தது. வந்த மறுவாரமே வேலைக்கு அப்ளை பண்ண ஆரம்பித்தாள். டேகேர், லைப்ரரி, பேங்க் எல்லாவற்றிலும் சிரித்த முகத்தோடு "நாங்களே கூப்பிடுகிறோம்" என்றார்கள். சிரித்ததோடு சரி. கடைசியில் பிரின்ஸ்டன் பக்கம் ஒரு சின்ன சர்வே கம்பெனி எடுத்துக்கொண்டது. வீட்டில் உட்கார்ந்தே ஊர் ஊராகப் போன் போட்டு, தாளில் இருக்கிற கேள்விகளைப் படித்து, பதிலைக் குறித்து அனுப்ப வேண்டும். "உன் குரலில் அவசரமே இல்லை" என்று சொல்லி அவளை எடுத்தவள் ஜோன் என்கிற சூப்பர்வைசர்.

"போன்ல பேசறதுக்குச் சம்பளமா? அப்ப இத்தனை வருஷமா உங்கொப்பன் கூடப் பேசினதுக்கெல்லாம் எவன்கிட்டப் போய்க் கேக்கறது?" என்றான் சுப்பையன். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று பயந்த ஒரு கம்பெனியில், நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு. உலகத்தைக் காப்பாற்றுகிறவனுக்குப் பேச்சில் கொஞ்சம் மிடுக்கு இருக்கத்தான் செய்யும்.

வசந்தாமணி சட்டை பண்ணவில்லை. கம்பெனி அவளுக்குப் போட்டோ ஒட்டிய பேட்ஜ் ஒன்று கொடுத்திருந்தது. ஆபீசுக்குள் நுழையக் கொடுப்பது. அவள் ஆபீசுக்குப் போக வேண்டியதே இல்லை. ஆனாலும் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் முகம் கழுவி, பொட்டு வைத்து, ஸ்வெட்டருக்கு மேல் அந்த பேட்ஜை மாட்டிக்கொண்டுதான் சமையல்கட்டுப் போனைக் கையில் எடுப்பாள். ரசம் தாளிக்கும்போதும் அது கழுத்தில் ஆடிக்கொண்டிருக்கும். ஐந்தாவது படிக்கிற மகள் யாமினி, "அம்மா, நோபடி கேன் ஸீ யூ!" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

"எனக்குத் தெரியுதல்லோ, அது போதும்."

சர்வே கறியைப் பற்றியது. கடையில் விற்கும் மாட்டுக்கறி, ஆட்டுக்கறி, பன்றிக்கறி எந்த நாட்டில் வளர்ந்தது என்று லேபிளில் கட்டாயமாக எழுத வேண்டுமா? பலமாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா? அப்படி எழுதினால் விலை கூடும் என்றால் கொடுப்பீர்களா? ஜோன் மூன்றே விதிகள் சொல்லியிருந்தாள். தாளில் இருப்பதை அப்படியே படி. உன் கருத்தைச் சொல்லாதே. ஊர்க்கதை பேசாதே.

முதல் விதியிலேயே ஒரு சிக்கல். சாயங்காலம் முழுக்க "பீஃப், பீஃப்" என்று சொல்ல வேண்டும். போனுக்கு நேர் எதிரே சாமி அலமாரி. மற்ற நாளில் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றியிருக்கும். அன்றைக்கு மட்டும் நீளமான ஒயரை இழுத்துக்கொண்டு துணி துவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முருகனுக்குத் தெரியாமல் அமெரிக்க மாடுகளைப் பற்றி விசாரித்த அறை அது.

முதல் வாரம் யாரும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தால் யார்தான் பேசுவார்கள்? "நோ" என்று வைத்தார்கள், கெட்ட வார்த்தை சொல்லி வைத்தார்கள், ஒன்றுமே சொல்லாமலும் வைத்தார்கள். வசந்தாமணிக்குக் கோபம் வரவில்லை, கூச்சம் வந்தது.

"சோறு திங்கற நேரத்துல ஒருத்தர் ஊட்டுக்குப் போயிட்டு, சாப்பிட்டீங்களான்னு கூடக் கேக்காம எப்படிங்க பேச்சை எடுக்கறது? நம்மூர்ல நாயி கூடச் சேத்தாது."

"இது போனு புள்ள. ஊடு இல்லை."

"யாரு ஊட்டுக்குள்ள அடிக்குது? ஊட்டுக்குள்ளதானே."

மறுநாள் கேட்டுவிட்டாள். ஒஹாயோவில் ஒரு பெண்மணி எடுத்ததும், பெயர் சொல்லி, கம்பெனி சொல்லி, "சாப்பிட்டீங்களா?" என்றாள், இங்கிலீஷில். அமெரிக்காவில் டாக்டரும் அம்மாவும் தவிர வேறு யாரும் கேட்காத கேள்வி அது. பிறகு அந்தப் பெண்மணி சொன்னாள்: "சாப்பிட்டேன். கொத்துக்கறியை ரொட்டி மாதிரி சுட்டு மீட்லோஃப் பண்ணினேன். கொஞ்சம் காய்ந்துபோய்விட்டது."

அவ்வளவுதான். மதகு திறந்துகொண்டது. பென்சில்வேனியாவில் ஒருவர் பர்கர் சாப்பிட்டிருந்தார். ஜார்ஜியாவில் ஒரு தாத்தா பன்றி விலாவை ஆறு மணி நேரம் புகை போட்டிருந்தார். எல்லாவற்றையும் "ம்... ம்..." என்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் வசந்தாமணி தாளைப் படிப்பாள். லேபிள் கட்டாயமா? எல்லாரும் பலமாக ஆதரித்தார்கள். "என்ன சாப்பிடுகிறேன் என்று தெரிந்துகொள்வது என் உரிமை!" என்று முழங்கினார்கள். முழங்கி முடித்ததும், "இருங்க, நான் இப்ப சாப்பிட்டது எந்த ஊர்?" என்று அவர்களுக்கே சந்தேகம் வந்துவிடும். குப்பைத்தொட்டியைத் திறந்து பாக்கெட்டைத் தேடுவார்கள். கிடைத்தால் ஒன்றும் எழுதியிருக்காது. எழுதியிருந்தால் அதுவரை அவர்கள் பார்த்ததே இல்லை. விலை கூடினால் கொடுப்பீர்களா என்று கேட்கும்போது குரல் இறங்கியிருக்கும். "உண்மையைச் சொல்லணும்னா... விலையைத்தான் பார்க்கிறேன்."

நடுவில் நியூஜெர்சியிலேயே பிரிட்ஜ்வாட்டர் நம்பர் ஒன்று மாட்டியது. எடுத்தவர் சிவராமகிருஷ்ணன்.

"வீட்டுக்குக் கறி வாங்குகிறவர் நீங்கள்தானா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"நாங்க ப்யூர் வெஜிடேரியன். பட் ஐ ஹாவ் வெரி ஸ்ட்ராங் ஒப்பீனியன்ஸ் ஆன் திஸ்."

"சார், கறி வாங்காதவங்களைக் கேக்கக் கூடாதுங்க. ரூல்."

"நீங்க தமிழா? ரொம்ப நல்லதாப் போச்சு. பாருங்கோ, சாப்பிடாதவனுக்குத்தான் இதுல பயாஸ் இல்லாம ஒரு வ்யூ இருக்கும். எழுதிக்கோங்கோ."

இருபது நிமிஷம் எழுதிக்கொள்ளாமலே கேட்டாள். கடைசியில் அவர், "நீங்க சாப்பிடுவேளா?" என்றார். "சாப்பிடுவோமுங்க, ஞாயித்துக்கிழமை." "ஓ. அது எந்த ஊர் ஆடு?"

அந்தக் கேள்வி அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டது. ஊரையெல்லாம் குப்பைத்தொட்டியைத் திறக்க வைத்தவள் தன் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்ததில்லை. சனிக்கிழமை வழக்கமான ஹலால் கடையில் சுப்பையன், "இங்கதான் பக்கத்துப் பண்ணை ஆடு, கொழுப்பைப் பாத்தாலே தெரியும்" என்று எப்போதும் போல அளந்துகொண்டிருக்க, அவள் கடைக்காரரைக் கேட்டுக் கடையின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். ஐஸ் பிடித்த அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் ஆஸ்திரேலியா. பெட்டியில் எழுதியிருந்தது, வெட்டித் தருகிற பையில் வரவில்லை.

"ஆறு வருஷமா கங்காரு ஊட்டு ஆட்டைத்தான் தின்னுட்டிருக்கோம்" என்றாள் காரில். "கோபியில கறிக்கடைக்காரன் வாலை முடியோட விட்டுத் தொங்க உடுவான். ஏன்? வெள்ளாடுதான், செம்மறி இல்லைன்னு நம்ம கண்ணுல பாக்கோணும்னு. வாலுதானுங்க லேபிளு. இங்க வாலும் இல்லை, லேபிளும் இல்லை, உங்க பேச்சு மட்டும்தான் இருக்குது."

சுப்பையன் ரேடியோ சத்தத்தைக் கூட்டினான்.

எத்தனை பேர் வைத்துவிட்டுப் போனாலும், கம்பெனியில் மற்றவர்களை விட இரண்டு மடங்கு தாள்களை அவள் முடித்து அனுப்பினாள். அதுதான் வினையாகப் போயிற்று. பத்துப் பேரில் ஒருவரைக் கம்பெனி மறுபடி கூப்பிட்டு, "எங்கள் ஆள் நிஜமாகவே பேசினாளா?" என்று சரிபார்க்கும். ஒஹாயோ அம்மாளைக் கூப்பிட்டதும் அவள், "சாப்பிட்டீங்களான்னு கேட்டதே அந்தப் பெண்ணா? மீட்லோஃப்பில் கொஞ்சம் பால் ஊத்தச் சொன்னாள். சரியாக வந்ததென்று சொல்லுங்கள்" என்றாள்.

ஜோன் போனில் வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"வசந்தா, மற்றவர்கள் கேட்கும்போது பத்தில் எட்டுப் பேர் விலை கூடக் கொடுப்போம் என்கிறார்கள். உன்னிடம் பாதிப் பேர் மாட்டோம் என்கிறார்கள். ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. சாப்பாட்டை ஞாபகப்படுத்திவிட்டுக் கேட்டால் பதில் மாறிவிடும்."

"மாறட்டுமே. அதானே நெசம்?"

"எது நிஜம் என்று நாம் முடிவு பண்ணக் கூடாது. எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். நீ கேட்ட தாள்கள் எல்லாம் செல்லாது. இனிமேல் உன் பேச்சு டேப்பில் பதிவாகட்டும். இந்த வாரம் முழுக்க தாளில் இருப்பது மட்டும். ஒரு வார்த்தை கூடினாலும் என்னால் உன்னை வைத்துக்கொள்ள முடியாது."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது வசந்தாமணி பேட்ஜைக் கழற்றி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். யாமினி அதை எடுத்து அம்மாவின் கழுத்தில் மறுபடி மாட்டிவிட்டு, "ஜஸ்ட் ரீட் தி பேப்பர், அம்மா. யூ கேன் டூ இட்" என்றாள். "சரி சாமி" என்றாள் வசந்தாமணி. ஆறு வருஷத்தில் அவள் பெயருக்கென்று கிடைத்த ஒன்று அது. ஒரு கேள்வியை விழுங்கிக்கொண்டால் அது நிலைக்கும் என்றால், விழுங்கிக்கொள்வதென்று முடிவு செய்தாள்.

விழுங்கவும் செய்தாள். திங்கள், செவ்வாய், புதன். ரயில் நிலையத்து அறிவிப்பு மாதிரி படித்தாள். ஜனங்கள் வைத்துவிட்டுப் போனார்கள். கம்பெனி அனுப்பிய டேப் ரெக்கார்டரில் சின்னச் சிவப்பு விளக்கு எரிய, டேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை வாரன் முறை. டெக்ஸாஸில் சான் ஆஞ்சலோவுக்கு அப்பால் எங்கோ இருக்கிற கிழவர். முந்தின வாரம் அவள் கேட்டபோது, "இப்பத்தான் அடுப்பில் வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை கூப்பிடு" என்று வைத்துவிட்டவர். அவர் பேசியது இங்கிலீஷ்தான். ஆனால் அந்த இழுவை டெக்ஸாஸ் இங்கிலீஷைத் தமிழுக்குத் திருப்பினால், அது கோபிச்செட்டிபாளையத்துச் சந்தைக்குள்தான் போய் நிற்கிறது.

"அட, நீங்கதானாம்மிணி? போன வாரம் கூப்பிட்டீங்களே."

"ஆமாங்க. இந்தப் பேச்சு பதிவு செய்யப்படுகிறது. முதல் கேள்வி. உங்கள் வீட்டில் கறி வாங்குகிறவர் யார்?"

"நான்தான். வேற யாரு இருக்கறா. அதென்னங்க, வாத்தியாரம்மா கணக்காப் பேசறீங்க?"

"இரண்டாவது கேள்வி. கறி எந்த நாட்டில் வளர்ந்தது என்று லேபிளில் எழுதுவதைச் சட்டமாக்குவதை நீங்கள் பலமாக ஆதரிக்கிறீர்களா, ஓரளவு..."

"அதுக்கு நான் பதில் சொல்லோணும்னா, நீங்க மொதல்ல அதைக் கேக்கோணும்."

"எதைங்க?"

"போன வாரம் கேட்டதை. நீங்க வச்ச பொறவு யோசிச்சுப் பாத்தேன். என்ற பொண்டாட்டி போனதுக்கப்பறம் அதை ஒருத்தரும் கேக்கலை. மாத்திரை தின்னியான்னு டாக்டர் கேக்கறான். அது வேற."

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வசந்தாமணி பேட்ஜை உள்ளங்கையில் பிடித்தாள். அதன் ஓரம் பதிகிற அளவுக்குப் பிடித்தாள். தாளில் மூன்றாவது கேள்வி இருந்தது. அதைப் படித்தால் போதும். வாயைத் திறந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"தின்னேனுங்க. டப்பா ஸ்டியூ."

"என்ன கறிங்க?"

"மாட்டுக்கறின்னு போட்டிருந்துச்சு. இருங்க." குப்பைத்தொட்டி மூடி திறக்கிற சத்தம். "எந்த ஊர் மாடுன்னு ஒண்ணும் காணோம். இத பாருங்க அநியாயத்தை. நாப்பது வருஷம் செம்மறி வளத்தவன், என்னத்தைத் தின்னோம்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

"இப்ப ஆடு இருக்குதுங்களா?"

"சித்திரை மாசம் வித்துட்டேன்." அவர் ஏப்ரல் என்றுதான் சொன்னார். "காதுல நம்பர் போட்டு, ஒண்ணொண்ணுக்கும் பேர் வச்சு வளத்தது. கடைக்குப் போனா, என்ற ஆடும் கப்பல்ல வந்ததும் ஒரே மாதிரி பிளாஸ்டிக்குல பக்கத்துல பக்கத்துல படுத்திருக்குது. வளத்த எனக்கே எது எதுன்னு தெரியலை. வாங்கறவனுக்கு எப்படிங்க தெரியும்? அவன் வெலையப் பாக்கறான்."

"எங்கூர்ல வாலை முடியோட உட்டு வப்பாங்க. வெள்ளாடுன்னு தெரியறதுக்கு."

கிழவர் சிரித்தார். இருமல் வந்து நிற்கிறவரைக்கும் சிரித்தார். "அந்தச் சட்டத்தைக் கொண்டாங்கம்மிணி. பலமா ஆதரிக்கறேன்னு எழுதிக்கோங்க. கூட வெலை குடுப்பியான்னு அடுத்துக் கேப்பீங்க, தெரியும். குடுப்பேன்னு சொல்லத்தான் ஆசை. ஆனா இன்னிக்கு அந்த டப்பாவை எடுக்கறப்ப நானும் வெலையத்தான் பாத்தேன். அதையும் எழுதுங்க. ரெண்டும் நாந்தான்."

எழுதினாள். சுப்பையன் வந்ததும் சொன்னாள். அவன் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. "டேப்பைப் பின்னாடி ஓட்டி அழிச்சுப்போடு. அது மேல வேற ஆளுகிட்டப் பேசிப் பதிஞ்சு அனுப்பு. எவனுக்குத் தெரியும்?"

"அழிச்சா அவர் சொன்னதும்ல அழிஞ்சுபோகும்?"

"உன்ற வேலை போயிரும், புள்ள." அவன் குரலில் மிடுக்கு இல்லை. அந்த பேட்ஜை அவள் எப்படிப் பார்ப்பாள் என்பது அவனுக்கும் தெரியும்.

அவள் டேப்பை உறையில் போட்டு ஒட்டினாள்.

மறுவாரம் ஆபீசுக்கு வரச்சொன்னார்கள். முதல் தடவையாக அந்த பேட்ஜ் உண்மையிலேயே ஒரு கதவைத் திறந்தது. உள்ளே ஜோன் டேப்பை மேசை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தத் தாளைச் சேர்த்துக்கொள்ள முடியாது, வசந்தா. உனக்கே தெரியும்."

"என்னை வேணா வேலைய உட்டு எடுத்துடுங்க. அவரைச் சேத்துக்குங்க. இந்தச் சட்டம் ஏன் வேணும்னு அவரை விடத் தெரிஞ்சவங்க வேற யாரு? நான் கேட்டேங்கறதுக்காக அவர் சொன்னது இல்லாமப் போயிடுமா?"

"போய்விடும். உன்னை எடுத்தாலும் போய்விடும். அது விதி." ஜோன் டேப்பை எடுத்து டிராயருக்குள் வைத்தாள். குப்பைக்கூடையில் போடவில்லை. பிறகு சொன்னாள்: "நீ கேள்வி கேட்கிற வேலைக்கு லாயக்கில்லை. ஆனால் எங்களிடம் போனைப் படாரென்று வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட்டுப் பேசச் சம்மதிக்க வைக்க ஆள் வேண்டும். சம்மதித்ததும் லைனை வேறு ஒருத்தியிடம் கொடுத்துவிட வேண்டும். கேள்வியை அவள் படிப்பாள். நீ அதற்கு முன்னால் என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள், கறியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே."

ஆக, வேலை நிலைத்தது. சர்வே முடிந்து அச்சடித்த ரிப்போர்ட் வந்தது. இத்தனை சதவிகிதம் பலமாக ஆதரிக்கிறார்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வசந்தாமணி அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுல அவர் இல்லை" என்றாள் சுப்பையனிடம். "நான் அவரைச் செல்லாத ஓட்டாக்கிப் போட்டேன்." சுப்பையன், "கேக்காம உட்டிருந்தா பதிலே சொல்லியிருக்க மாட்டாரு, போ" என்றான். அவன் சொன்னதில் உருப்படியான முதல் வாக்கியம் அது.

இப்போதும் வியாழக்கிழமைகளில் சொந்தக் காசில் டெக்ஸாஸுக்கு ஒரு போன் போகிறது. அது எந்தக் கம்பெனிக் கணக்கிலும் இல்லை.

இவ்வளவையும் எழுதி வசந்தாமணியிடமே கொடுத்தாயிற்று. அவள் பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். மான் வந்த இடத்தில் சிரித்தாள். முருகன் வந்த இடத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். படித்து முடித்துத் தாளை மடித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே கண்ணு. அண்ணன் மகனாச்சே, அத்தையைக் கொஞ்சம் தூக்கித்தான் எழுதுவே. நான் பேசினதெல்லாம் இந்தச் சமையல்கட்டுல நின்னா யாருக்கும் கேக்கும், சரி. அந்த டெக்ஸாஸ்காரர் பேசினது உனக்கெப்படித் தெரிஞ்சுது?"

இதை எழுதியவனுக்கு அவசரமாக வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

"நில்றா. பேஸ்மெண்ட்ல வீடியோ கேம் ஆடறேன்னு போயி, அங்கிருக்கற போனை எடுத்து எத்தனை நாளா ஒட்டுக் கேட்டுட்டிருந்தே? அன்னிக்கு லைன்ல யாரோ மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. நான் கிழவருக்குத்தான் சளின்னு நெனச்சு, மிளகு ரசம் வைக்கற பக்குவமெல்லாம் சொல்லிட்டிருந்தேன்."